நான்கு மாதத்தில் முயலுக்கு என்ன ஆகிறது?

“குட்டியா இருந்தப்ப ஒழுங்கா ட்ரேயிலதான் போச்சு டாக்டர். இப்ப சோஃபா, மெத்தை, எங்க பார்த்தாலும் மூத்திரம். யாராவது எடுத்துக்குவாங்களா?” இப்படிக் கேட்டு வருபவர்களிடம் முயலின் வயதை விசாரித்தால், பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் இருக்கும். வாங்கிய கடையில் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அங்கே இருந்தபோது அது சின்னக் குட்டி. யார் மேலும் பீய்ச்சி அடிக்கத் தெரியாத வயது.

முயல் பழக்கத்தை மறக்கவில்லை. வயதுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். ஹார்மோன் சுரக்கத் தொடங்கியதும் அது தன் எல்லைக்கு அடையாளம் வைக்க ஆரம்பிக்கிறது. ஆண் முயல் உங்கள் காலைச் சுற்றிச் சுற்றி ஓடும், கடைசியில் பேண்ட் மேலேயே பீய்ச்சும். பெண் முயல்களும் இதைச் செய்வதுண்டு; கூடவே, கூண்டுக்குள் கை விட்டால் உறுமிக்கொண்டு பாயும். இந்தக் கட்டத்தில் எவ்வளவு நல்ல ட்ரே வாங்கி வைத்தாலும் பயிற்சி முழுதாகப் பலிக்காது. அதனால்தான் ட்ரேயைப் பற்றிப் பேசுவதற்கு முன் கருத்தடை அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

ஆணுக்கு விதை இறங்கிய பிறகு, சுமார் நான்கு மாதத்திலிருந்து செய்யலாம். பெண்ணுக்கு ஐந்து, ஆறு மாதம் ஆகட்டும். பெண்ணுக்கு நாற்றத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது: கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு மூன்று, நான்கு வயதுக்கு மேல் கர்ப்பப்பைப் புற்றுநோய் வருவது மிகச் சாதாரணம். ஆபரேஷன் முடிந்த மறுநாளே குணம் மாறாது. ஹார்மோன் அடங்கச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் ஆண் முயலால் பெண்ணைச் சினையாக்கவும் முடியும், எனவே பிரித்தே வையுங்கள். முயலின் சினைக்காலம் சுமார் 31 நாள்தான். ஏமாந்தால் ஒரே மாதத்தில் தெரிந்துவிடும்.

நாய்க்குச் சொல்வதைப் போல “முதல் நாள் ராத்திரியிலிருந்து சாப்பாடு போடாதீங்க” என்று முயலுக்கும் சொன்னால், வேறு மருத்துவரைப் பாருங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினி போட்டால் குடல் இயக்கம் நின்றுபோகும் ஆபத்துதான் கூடும். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் முயலுக்கு அறுவை சிகிச்சை செய்வதில்லை, அதனால் “முயலுக்கு அடிக்கடி செய்வீங்களா?” என்று தயங்காமல் கேளுங்கள். எங்களுக்குக் கோபம் வராது. வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

சரி, ட்ரேக்கு வருவோம். வீட்டில் வளர்க்கும் முயல்கள் எல்லாமே ஐரோப்பியக் காட்டு முயலின் வழி வந்தவை. அவை வளை தோண்டிக் கூட்டமாக வாழும், குறிப்பிட்ட சில இடங்களில்தான் புழுக்கை போட்டுக் குவிக்கும். (நம்மூர் வயலில் ஓடும் முயல் வேறு பேரினம், வளை தோண்டாது. அதைப் பிடித்து வளர்ப்பது சட்டப்படி குற்றமும்கூட.) ஆக, ஒரே இடத்தில் போகும் பழக்கம் பிறவியிலேயே இருக்கிறது. எந்த இடம் என்பதை மட்டும்தான் நாம் சொல்லித்தருகிறோம், அதிலும் பாதியை முயல்தான் முடிவு செய்யும். பண்ணையிலும் கடையிலும் கம்பி வலைத் தரைக் கூண்டில் வளர்ந்த குட்டிக்கு எல்லாம் அப்படியே கீழே விழுந்திருக்கும். மூலை தேர்ந்தெடுக்க வாய்ப்பே கிடைத்திருக்காது. அதற்குக் கொஞ்சம் கூடுதல் நாள் கொடுங்கள்.

முதலில் வீடு முழுக்க விடாதீர்கள். கம்பித் தடுப்பு வைத்த நாலுக்கு நாலு அடி இடம் போதும். எந்த மூலை திரும்பத் திரும்ப ஈரமாகிறது என்று பார்த்து, ட்ரேயை அங்கே கொண்டுபோய் வையுங்கள். ஹாலில் அசிங்கமாக இருக்கிறதே என்று பால்கனிக்கு மாற்றினால் ட்ரே மட்டும்தான் பால்கனியில் இருக்கும். மூத்திரம் நனைந்த காகிதத்துண்டு ஒன்றையும் நாலைந்து புழுக்கைகளையும் ட்ரேக்குள் போடுங்கள். வெளியே நனைந்த இடத்தைத் தண்ணீர் கலந்த வினிகரால் துடையுங்கள், வாசம் இருந்தால் அங்கேயே மறுபடி போகும். சில நாள் தவறாமல் ட்ரேயில் போனால் இடத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், தவறினால் மறுபடி சுருக்குங்கள். மெத்தையும் சோஃபாவும் மென்மையாக, ஈரத்தை உறிஞ்சும்படி இருப்பதால் முயலுக்குக் கழிப்பிடம் மாதிரியே தெரியும். பழகும்வரை அந்த அறைக் கதவைச் சாத்தி வைப்பதுதான் வழி.

மூக்கைத் தேய்ப்பது, தட்டுவது, அதட்டுவது எதுவும் வேண்டாம். முயல் இரை விலங்கு. அதற்குப் புரிவது ‘இந்த ஆள் ஆபத்து’ என்பது மட்டும்தான்.

வளர்ந்த முயலால் கடையில் விற்கும் முக்கோண ட்ரேயில் திரும்பி உட்காரக்கூட முடியாது. ஒன்றரை அடி நீளமுள்ள சாதாரண பிளாஸ்டிக் டப் வாங்குங்கள். அடியில் கிழித்த செய்தித்தாளோ காகித பெல்லட்டோ (காகிதத்தை அழுத்திச் செய்த சிறு துண்டுகள்), மேலே ஒரு அடுக்கு காய்ந்த புல். ட்ரேயின் ஒரு முனையில், வாய்க்கு எட்டும்படி தினமும் புதுப் புல் ஒரு கட்டு. முயல் மென்றுகொண்டே புழுக்கை போடும் பிராணி என்பதால் பயிற்சியில் பாதி வேலையை இந்தப் புல்லே செய்துவிடும். டிமோதி ஹே (முயலுக்கென்று கடையில் விற்கும் காய்ந்த புல்) வாங்க வசதியில்லை என்றால் மருந்து அடிக்காத கினியாப் புல்லையும் அருகம்புல்லையும் காயவைத்துக் கொடுக்கலாம். ஈரம் பட்டால் கட்டியாகும் பூனை மணலை மட்டும் போடவே போடாதீர்கள். முயல் அதைத் தின்னும், அது குடலுக்குள் உப்பி அடைக்கும். பைன் மரச் சீவலின் வாசம் ஈரலைப் பாதிக்கும். மரக்கடைத் தூளில் இருக்கும் தூசி மூக்கைக் கெடுக்கும். நனைந்த காகிதத்தைத் தினமும் மாற்றாவிட்டால் மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியாவும் அதையே செய்யும். டப்பில் வெள்ளையாகப் படிவது கால்சியம், வினிகர் ஊற்றி ஊறவைத்தால் போய்விடும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் காய்ந்த புழுக்கை நாலைந்து வெளியே கிடக்கும். விளக்குமாறு எடுத்துக் கூட்டிவிட்டுப் போங்கள். நாளைக்கு இருநூறுக்கு மேல் போடும் பிராணியிடம் இது பெரிய கணக்கு இல்லை. ட்ரேயில் சேர்வதை மாடித்தோட்டத் தொட்டிகளில் நேரடியாகவே போடலாம், மட்க வைக்க வேண்டியதில்லை.

பழகிய முயல் திடீரென்று தவறினால் வேறு கதை. வீட்டுக்குப் புது முயல் வந்திருக்கலாம், அது அடையாளம் வைக்கும் வேலை. அப்படி எதுவும் இல்லையென்றால் மூத்திரப்பையில் கால்சியக் கசடு, கிருமித்தொற்று, டப்பின் விளிம்பைத் தாண்ட முடியாத மூட்டுவலி, நரம்பைத் தாக்கும் ஒட்டுண்ணி நோய் என்று காரணங்கள் இருக்கின்றன. வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. வாய்வழி அமாக்ஸிசிலின் முயலின் குடலில் நல்ல கிருமிகளை அழித்து உயிரையே எடுக்கும்.

சிவப்பு மூத்திரத்தைப் பார்த்துப் பதறி வருகிறவர்கள் அதிகம். பெரும்பாலும் அது தீனியிலிருந்து வரும் நிறமி. ஆனால் கருத்தடை செய்யாத பெண் முயலுக்கு அது கர்ப்பப்பை ரத்தமாகவும் இருக்கலாம், எனவே பரிசோதித்துவிடுவது நல்லது. திராட்சைக் கொத்து போல மெத்தென்று கிடப்பது வயிற்றுப்போக்கு இல்லை. முயல் திரும்பத் தின்னவேண்டிய சத்துப் புழுக்கை அது. தின்னாமல் விடுகிறது என்றால் பெல்லட் தீனி அதிகமாகிறது, அல்லது உடம்பு பருத்துக் குனிய முடியவில்லை.

பன்னிரண்டு மணி நேரமாக ட்ரேயில் ஒரு புழுக்கைகூட இல்லை, தீனியும் தொடவில்லை என்றால் அன்றே, அது ராத்திரியானாலும், கிளம்பி வாருங்கள். பின்புறம் மூத்திரத்தில் நனைந்தே இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். நம் வெயிலில் ஈ முட்டையிட்டு, ஒரே நாளில் புழு வைத்துவிடும். கிளம்பும்போது ட்ரேயைக் கழுவிவிடாதீர்கள். கிடக்கும் புழுக்கையில் கொஞ்சம் ஒரு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள், நனைந்த காகிதத்தை ஒரு போட்டோ எடுத்தால் போதும்.