சோலோ: தனியா, தன்னந்தனியா?

விடுதி அறையில் ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிபோர்னியா' பாட்டு ஓடும்போது, பாடகர் பாடி முடித்ததும் கையை உயர்த்தி எல்லாரையும் வாயடைக்கச் செய்யும் நண்பன் ஒருவன் எனக்கு இருந்தான். "சோலோ வருகிறது, பேசாதே" என்பான். அடுத்த இரண்டு நிமிடத்துக்கு அறையில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. ஒருநாள் பக்கத்து அறையில் தங்கியிருந்த அண்ணன், சிறுவயதிலிருந்தே மிருதங்கம் பழகியவர், வாசலில் நின்று கடைசிவரை கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இரண்டு கிட்டார் வாசிக்கிறது. பின்னால் டிரம்ஸ் இருக்கிறது, கீழ்ச்சுருதியில் துணைபோகும் பாஸ் இருக்கிறது. சோலோ என்றால் ஒற்றை ஆள் இல்லையா? இங்கே யார் தனியாக இருக்கிறார்கள்?"

நண்பன் அவரை முறைத்தான். பதில் சொல்ல அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சோலோ இத்தாலியச் சொல். அதன் வேர் லத்தீனின் 'சோலுஸ்'. ஒற்றையான, தனித்த என்று பொருள். ஆங்கிலத்தில் தனிமையைக் குறிக்கும் 'சாலிட்யூட்' பிறந்ததும் அதே வேரிலிருந்துதான். எனவே சோலோ என்றதும் ஆளில்லாத மேடையும் ஒற்றை விளக்கும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் இசைக்குள் இந்தச் சொல் நுழைந்தபோது அதற்கு அவ்வளவு சோகம் கிடையாது. அது வாசிப்பவருக்கு இசைத்தாளில் எழுதிவைத்த வெறும் குறிப்பு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியில் வளர்ந்த 'கன்செர்ட்டோ க்ரோஸோ' என்ற வகையில் ஒரு சிறு குழுவும் ஒரு பெரிய குழுவும் மாறி மாறி வாசிக்கும். தாளில் 'துத்தி' என்று போட்டிருந்தால் எல்லாரும் வாசிக்க வேண்டும். 'சோலோ' என்று போட்டிருந்தால் குறிப்பிட்டவர் மட்டும். வகுப்பில் ஆசிரியர் "எல்லாரும் சொல்லுங்கள்" என்பதற்கும் "நீ மட்டும் சொல்" என்பதற்கும் உள்ள வேறுபாடுதான். நீ மட்டும் சொல் என்றதற்காக மற்ற பிள்ளைகள் வகுப்பைவிட்டு எழுந்து போய்விடுவதில்லை.

இதற்கு ஒரு நல்ல சாட்சி 1720ஆம் ஆண்டில் கிடைக்கிறது. ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக் வயலினுக்காக ஆறு படைப்புகளைத் தன் கையால் படியெடுத்து, முகப்பில் இத்தாலிய மொழியில் தலைப்பு எழுதினார். அதில் 'சோலோ' என்று எழுதியதோடு நிறுத்தவில்லை. 'பாஸ் துணை இல்லாமல்' என்றும் சேர்த்திருக்கிறார். சோலோ என்ற சொல்லே துணையின்மையைக் குறித்திருந்தால் இந்தச் சேர்க்கை எதற்கு? அன்றைக்கு வயலின் சோலோ என்றால் அடியில் பாஸ் வாத்தியம் ஒன்று போய்க்கொண்டிருக்கும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. அது இல்லை என்றால்தான் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கு எதிர்முனையும் உண்டு. ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் 1928இல் பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' ஒற்றை டிரம்பெட்டோடு தொடங்குகிறது. குழு வந்து சேர்ந்துகொள்வது அதன் பிறகுதான். ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் 1978இல் வெளியிட்ட 'இரப்ஷன்' இரண்டு நிமிடம்கூட இல்லை. தொடக்கத்தில் டிரம்ஸ் சிறிது தலைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள, மீதி முழுவதும் கிட்டார்தான். இவை உண்மையிலேயே ஒற்றை ஆள் வாசித்தவை. ஆனால் ராக், பாப் ரசிகர்கள் சோலோ என்று கொண்டாடுபவற்றில் இவை மிகச் சிறிய பங்கு.

ராக் இசையில் சோலோ என்றதும் கிட்டார் நினைவுக்கு வருவதற்குக் கலை மட்டும் காரணமல்ல, மின்சாரமும் காரணம். ஊதுகருவிகள் முழங்கும் ஜாஸ் குழுவில் சாதாரண கிட்டாரின் ஓசை எடுபடாது. தாளத்துக்குத் துணையாகத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். 1930களில் கிட்டாரோடு ஒலிபெருக்கியை இணைத்த பிறகே அது முன்வரிசைக்கு வர முடிந்தது. 1939இல் பென்னி குட்மேன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், சாக்ஸபோன் வாசிப்பதுபோல் ஒவ்வொரு சுரமாக நீட்டி வாசித்துக் காட்டினார். பின்னால் வந்த ராக் கிட்டார் கலைஞர்கள் எல்லாருமே அவர் திறந்த கதவு வழியாக நுழைந்தவர்கள்தான்.

சோலோ என்றால் அந்தக் கணத்தில் தோன்றியதை அப்படியே கொட்டுவது என்ற நம்பிக்கை ஒன்று உண்டு. பல நேரங்களில் அது உண்மையல்ல. பீட்டில்ஸ் குழுவின் 'இன் மை லைஃப்' (1965) பாட்டின் நடுவில் ஒரு இடம் வெற்றாக விடப்பட்டிருந்தது. பாக் காலத்துச் சாயலில் ஏதாவது வேண்டும் என்று ஜான் லெனன் கேட்டார். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் ஒரு பியானோப் பகுதியை எழுதினார். ஆனால் பாட்டின் வேகத்துக்கு அதை வாசிக்க அவர் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. ஆகவே டேப்பைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, நிதானமாக, ஒரு ஸ்தாயி கீழே வாசித்துப் பதிவு செய்தார். இயல்பான வேகத்தில் ஓட்டியபோது வாசிப்பு இருமடங்கு விரைவானது, ஒரு ஸ்தாயி மேலேறியது. ஒவ்வொரு சுரமும் பாதி நேரத்திலேயே அடங்கிவிட்டதால் பியானோ, பாக் காலத்து விசைப்பலகை வாத்தியமான ஹார்ப்சிகார்டு போல ஒலித்தது. இன்றும் பலர் அதை ஹார்ப்சிகார்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பிங்க் ஃப்ளாய்டின் 'கம்ஃபர்ட்டப்ளி நம்' (1979) கதை இன்னொரு விதம். குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் ஐந்தாறு முறை வெவ்வேறாக வாசித்துப் பதிவு செய்துகொண்டு, ஒவ்வொன்றையும் கேட்டு, எந்தத் துண்டு நன்றாக இருக்கிறது என்று தாளில் சரி, தவறு குறியிட்டு, நல்ல துண்டுகளை மட்டும் கோத்தார். ஒரே மூச்சில் உருகி வழிவதுபோல் கேட்கும் அந்த வாசிப்பு கோத்தெடுத்த மாலை. இது தெரிந்த பிறகு பாட்டின் மீது எனக்கு மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

சோலோவோடு குழப்பிக்கொள்ளப்படும் சொற்களையும் பார்த்துவிடலாம். ஜெர்ரி ராஃபர்ட்டியின் 'பேக்கர் ஸ்ட்ரீட்' (1978) பாட்டில் வரும் சாக்ஸபோனைப் பலரும் சோலோ என்கிறார்கள். அது மாறாத ஒரே வடிவில் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு 'ரிஃப்' என்பதே பொருத்தம். வாத்தியம் பாடும் பல்லவி என்று சொன்னால் நமக்கு எளிதில் விளங்கும். ரிஃப் என்ற சொல்லின் பிறப்பு உறுதியாகவில்லை; திரும்ப வரும் அடியைக் குறிக்கும் 'ரிஃப்ரெய்ன்' என்பதன் சுருக்கம் என்பது ஓர் ஊகம். ஃபில் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' (1981) பாட்டில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வைத்துவிட்டு இடிபோல் இறங்கும் டிரம்ஸும் சோலோ அல்ல. சில நொடிகளில் முடிந்துவிடும், இடைவெளியை நிரப்பும் 'ஃபில்' அது. மிருதங்கத்தில் முத்தாய்ப்பாக வைக்கும் தீர்மானம் இதற்குப் பக்கத்தில் வரும். ஆனால் தீர்மானம் ஒன்றை முடித்து வைக்கும். இதுவோ அடுத்ததை அவிழ்த்துவிடுகிறது.

சரி, சோலோவுக்குத் தமிழ் என்ன? சிலர் 'தனியிசை' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை வேறொருவர் எடுத்துக்கொண்டுவிட்டார். திரைப்படத்தைச் சாராமல் பாடகர்கள் தாங்களாக வெளியிடும் பாட்டுகளுக்கு இன்று பத்திரிகைகளில் தனியிசை என்றே பெயர். 'இடையிசை' என்பது இன்னும் பொருந்தாது. அது பாட்டில் ஓர் இடத்தின் பெயர். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வருவது. சோலோ என்பதோ யார் முன்னே நிற்கிறார் என்பதைச் சொல்வது. மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' பாட்டில் எடி வான் ஹேலன் சம்பளம் வாங்காமல் வாசித்துக் கொடுத்த சோலோ இடையிசையாக வருகிறது. 'ஹோட்டல் கலிபோர்னியா'வில் சோலோ பாட்டின் வாலாக நீள்கிறது. 'தனிமை' என்று தொடங்கும் எந்தச் சேர்க்கையும் வேண்டாம். அது மனநிலை.

மிஞ்சுவது வெறும் 'தனி'. இது போதும் என்றே நினைக்கிறேன். தமிழில் தனி என்றால் பிரிந்துபோனது என்று கட்டாயம் இல்லை. நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் கடைசிச் சீருக்குப் பெயர் தனிச்சொல். சிறுவயதில் மனப்பாடம் செய்த மூதுரைக் கடவுள் வாழ்த்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: 'நோக்குண்டாம் மேனி நுடங்காது – பூக்கொண்டு'. 'பூக்கொண்டு' என்பதை ஒரு கோடு போட்டுத் தள்ளி எழுதுகிறோம், சற்று நிறுத்திச் சொல்கிறோம். ஆனால் வாக்குண்டாம், நோக்குண்டாம், பூக்கொண்டு என்று எதுகை அதை மேலே உள்ள அடிகளோடு கட்டிப்போட்டிருக்கிறது, சீரோடு சீரை இணைக்கும் தளையும் தட்டக்கூடாது. தனித்து நிற்கிறது, கட்டுக்குள்ளும் நிற்கிறது. நிர்வாணா குழுவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' (1991) பாட்டில் கர்ட் கோபேனின் கிட்டார், தான் பாடிய மெட்டையே ஏறக்குறைய அப்படியே திரும்ப வாசிக்கிறதே, அதுவும் எதுகை போட்ட தனிச்சொல்தான்.

கச்சேரி வழக்கிலும் சொல் தயாராக இருக்கிறது. கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை யாரும் முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. "தனி விட்டார்", "இன்றைக்குத் தனி பிரமாதம்" என்றே பேச்சு. (தனி தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்களும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள்.) ஆகவே 'கிட்டார் தனி', 'டிரம்ஸ் தனி' என்று கூச்சமில்லாமல் எழுதலாம், தொடரில் தேவைப்பட்டால் 'தனிவாசிப்பு'. 'இரப்ஷன்' போலத் துணையில்லாமல் வாசிப்பதைப் பிரித்துக் காட்ட, தமிழில் 'தன்னந்தனி' இருக்கவே இருக்கிறது. பாக் அடைமொழி சேர்த்துச் சொன்னதை நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்.

அந்த அண்ணனுக்கு அன்று தராத பதிலை இப்போது தரலாம். அவருடைய மேடையிலும் தனி என்றால் ஒருவர் அல்லவே. மிருதங்கம் ஒரு சுற்று, கடம் ஒரு சுற்று என்று வாசித்து, குறைப்பில் சுற்றைச் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் இருவரும் சேர்ந்து கோர்வை என்ற முத்தாய்ப்பு வைத்து முடிப்பார்கள். அவ்வளவு நேரமும் பாடகர் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். 'ஹோட்டல் கலிபோர்னியா'வின் முடிவில் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் கிட்டாரை மாற்றி மாற்றி வாசித்து, பிறகு இருவரும் இணைந்து ஒரே அடுக்காக இறங்கிக்கொண்டே போகிறார்கள். அவர்களுக்குத் தாளம் போட டிரம்ஸ் இருக்கிறது.