வெனிலாக் கொடியில் அவரை காய்ப்பதில்லை

‘ஒரு வெனிலா அவரையைப் பிளந்து, அதன் பருப்பைப் பாலில் போடவும்.’ மொழிபெயர்த்த சமையல் குறிப்பு ஒன்றில் சென்ற வாரம் இதைப் படித்தேன். இந்த ஆண்டில் மட்டும் இந்த ‘வெனிலா அவரை’ என் கண்ணில் படுவது மூன்றாவது முறை. முதலில் அவரை என்று எழுதியதால்தான் அடுத்து பருப்பு வந்தது. வெனிலாவில் பருப்பே கிடையாது. உள்ளே இருப்பவை கசகசாவைவிடச் சிறிய, ஆயிரக்கணக்கான கரிய விதைகள்.

சொல்லின் பிறப்பு எளிது. ஸ்பானிய மொழியில் ‘வைனா’ என்றால் உறை. ‘வைனில்லா’ சிறிய உறை. மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் இதைக் ‘கறுப்புப் பூ’ என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். பூவோ பச்சை கலந்த மஞ்சள். கறுப்பது பக்குவம் செய்த காய்தான். ஆக, இரு பெயரிலும் அவரை இல்லை. வடிவத்தைப் பார்த்து ஆங்கிலேயர் ஒட்டிய ‘பீன்’ என்ற சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு அது.

செடியும் அவரைக்குச் சொந்தமில்லை. வெனிலா ஆர்க்கிட் குடும்பத்துக் கொடி. அவரைப்பூ தானாகக் காய் பிடிக்கும். வெனிலாவை மெக்சிகோவிலிருந்து வேறு நாடுகளுக்குக் கொண்டுபோனபோது கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. 1841இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் ஒரு குச்சியையும் தன் கட்டைவிரலையும் கொண்டு மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டான். மடகாஸ்கரில் இன்றும் ஒவ்வொரு பூவையும் மனிதக் கைதான் தொடுகிறது. இவ்வளவு உழைப்பில் விளையும் காயைப் பந்தல் அவரையின் பெயரால் அழைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

காப்பிக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். நம் மலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் ‘காப்பி அவரை’ என்றா சொன்னார்கள்? காப்பிக் கொட்டை என்றார்கள். அகராதியைப் பார்க்காமல் பொருளைப் பார்த்தார்கள். இன்றைய மொழிபெயர்ப்பாளர் பலர் பொருளைப் பார்ப்பதே இல்லை.

‘பீன்ஸ்’ என்றே விட்டுவிடலாமே என்பவர்கள் உண்டு. 2000ஆம் ஆண்டில் மடகாஸ்கரைப் புயல் தாக்கி விலை ஏறியபின், கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களிலும் பலர் வெனிலாக் கொடி வைத்தார்கள். அப்போது வியாபாரிகளின் வாய்வழியே அந்தச் சொல்லும் வந்தது. ஆனால் தமிழில் பீன்ஸ் என்றால் பொரியலுக்கு நறுக்கும் காய். அதைவிடப் பெரிய குழப்பம், பறித்த காயும் பக்குவம் செய்த காயும் ஒரே பெயரில் வருவது. ஐந்தாறு கிலோ பச்சைக்காயிலிருந்து ஒரு கிலோதான் தேறும். எந்த ‘பீன்ஸ்’ விலையைச் சொல்கிறார்கள் என்று தெரியாத விவசாயிக்கு இது இலக்கணப் பிரச்சினை அல்ல.

தனித்தமிழில் பற்றுள்ள நண்பர் ஒருவர் ‘வெனிலா நெற்று’ என்கிறார். எனக்கும் மிகப் பிடித்த சொல். குறுந்தொகையின் ஏழாம் பாடலில் வாகை நெற்று காற்றில் ஒலிக்கிறது. முருங்கைக்கும் தேங்காய்க்கும் நெற்று உண்டு. ஆகவே அது பயற்றினத்துக்கு மட்டும் உரியதல்ல என்ற அவர் வாதம் சரி. ஆனால் நெற்று மரத்திலேயே முற்றிக் காய்ந்தது, ஆட்டினால் கலகலக்கும். வெனிலாவைக் கொடியிலேயே விட்டால் வெடித்து மதிப்பிழந்துவிடும். நுனி மஞ்சளாகும்போதே பறிக்க வேண்டும். பக்குவமான காய் எண்ணெய்ப் பசையோடு, விரலில் சுற்றும் அளவு துவளும். நெற்று என்றதும் மனத்தில் எழும் சித்திரம் இதற்கு நேர் எதிரானது. அழகான சொல்லாக இருந்தாலும் பொருந்தாத இடத்தில் வைக்கக் கூடாது.

‘காய்’ போதும். கொடியில் இருப்பதும் பறித்ததும் பச்சைக்காய். பக்குவம் செய்ததற்குப் புகையிலை விவசாயிகளின் சொல் இருக்கிறது: பாடம். ‘பாடம் செய்த வெனிலாக்காய்.’ மீன், பால், தோல் எல்லாவற்றுக்கும் ‘பதப்படுத்திய’ என்று எழுதி எழுதி அந்தச் சொல் மழுங்கிவிட்டது.

பாடம் செய்யும் படிகளையும் இப்படித்தான் கெடுக்கிறார்கள். ‘காயைக் கொல்லுதல்’, ‘வியர்க்க வைத்தல்’ என்று அச்சாகி வருகிறது. சுமார் 65 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் முக்கினால் காயின் வளர்ச்சி நிற்கிறது. தமிழில் அது வாட்டுதல். சூடு ஆறாமல் கம்பளியில் பொதிந்து வைப்பது புழுங்க வைத்தல். புழுக்கம் என்ற சொல் நம்மிடம் இருக்க, வியர்வை எதற்கு? பச்சைக்காயில் மணமே இல்லை. வாடிப் புழுங்கும்போதுதான் வெனிலின் என்ற மணப்பொருள் பிரிந்து மணம் எழுகிறது. பிறகு வெயிலிலும் நிழலிலும் உலர்த்தி, பெட்டியில் மூடி, மாதக்கணக்கில் மணம் ஊறவிடுகிறார்கள்.

அந்தச் சமையல் குறிப்பு இப்படி இருந்திருக்க வேண்டும்: ‘ஒரு வெனிலாக்காயை நீளவாக்கில் கீறி, உள்ளிருக்கும் கருவிதைகளைக் கத்தி முனையால் வழித்துப் பாலில் சேர்க்கவும்.’