புதிய வட்டைச் செருகிய பிறகும் நாஸ் ஏன் முரண்டு பிடிக்கிறது?

வீட்டு வலையமைப்பில் இயங்கும் நாஸ் சேமிப்புப் பெட்டியில் ஒரு ஹார்டு டிஸ்க் பழுதானால், அதைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகினால் போதும், மீதியைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறோம். பல நேரங்களில் அப்படியே நடக்கிறது. ஆனால், தொலைந்த தரவைப் புதிய வட்டில் திரும்ப எழுதும் மறுகட்டமைப்பு பாதியில் நின்றுவிட்டால் புதிய வட்டின்மீது அவசரப்பட்டுப் பழி போடக் கூடாது. அந்த வேளையில் பழைய வட்டுகளுக்கும் கடுமையான வேலை இருக்கிறது.

ஒரு வட்டு போனாலும் தரவு தொலையாதபடி பல வட்டுகளில் பிரித்து எழுதும் ரெய்டு 5 முறையில் இயங்கும் மூன்று வட்டுகளை எடுத்துக்கொள்வோம். ஓரிடத்தில் முதல் வட்டில் 1, இரண்டாவதில் 0 என்ற பிட்டுகள் இருந்தால் மூன்றாவதில் 1 எழுதப்படும். மூன்றிலும் சேர்த்து 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பதே விதி. இரண்டாவது வட்டு போய்விட்டாலும், எஞ்சிய இரண்டிலும் 1 இருப்பதைக் கொண்டு, தொலைந்தது 0 என்று கணக்கிட்டுவிடலாம்.

இப்படி ஒவ்வொரு பிட்டையும் மீட்க, எஞ்சிய வட்டுகள் அனைத்தையும் படித்தாக வேண்டும். 8 டெராபைட் வட்டுகள் நான்கு கொண்ட பெட்டியில் ஒன்று போனால், படிக்க வேண்டியது 24 டெராபைட். மூன்று வட்டுகளும் ஒரே நேரத்தில் படிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் நொடிக்கு 200 மெகாபைட் வேகம் குறையாமல் நீடித்தாலும் 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நெடுநாள் யாரும் தொடாத கோப்பின் அடியில் மறைந்திருந்த பழுதான செக்டர் (வட்டில் தரவு எழுதப்படும் சிறு பகுதி) அப்போதுதான் தலைகாட்டுகிறது. மாதம் ஒருமுறை எல்லா வட்டுகளையும் முழுவதும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப்பிங் வேலையை நான் வலியுறுத்துவது இதனால்தான்.

புதிய வட்டே காரணமாகும் சூழல்களும் உண்டு. ஓட்டுக்கூரை போலத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எழுதும் எஸ்.எம்.ஆர். வகை வட்டில், ஒரு தடத்தை மாற்றினால் அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத நேரும். மறுகட்டமைப்பில் இடைவிடாமல் தரவு வந்து குவியும்போது அது திணறுகிறது. பதில் வரத் தாமதமானதும், வட்டு செத்துவிட்டது என்று பெட்டி அதை ஒதுக்கிவிடுகிறது. ஆகவே, வாங்கும் முன் அது தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத சி.எம்.ஆர். வகைதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கொள்ளளவும் பழைய வட்டுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். சில செக்டர்கள் குறைந்தாலும் பெட்டி ஏற்க மறுக்கலாம்.

வட்டு சுழலவே இல்லையென்றால், அது யு.எஸ்.பி. வழியே இணைக்கும் வெளிப்புற ஹார்டு டிஸ்க்கின் கூட்டிலிருந்து பிரித்தெடுத்ததா என்று பாருங்கள். அப்படிப்பட்ட சில புதிய வட்டுகளில் மின் இணைப்பின் மூன்றாவது முனைக்கு 3.3 வோல்ட் வந்தால் வட்டு அணைந்தே கிடக்கும். வட்டு சுழன்றும் பிழைகள் தொடர்ந்தால், வட்டு தன் நலத்தைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 199-ஆம் எண்ணுக்குரிய சி.ஆர்.சி. பிழைக் கணக்கை, அதாவது வட்டுக்கும் பெட்டிக்கும் இடையே தரவு செல்லும்போது நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கையை, பார்க்க வேண்டும். அது ஏறிக்கொண்டே போனால் சந்தேகம் முதலில் கேபிள்மீதும் செருகுமுனைமீதும் விழ வேண்டும். 5, 197 ஆகிய எண்களில் மதிப்பு ஏறினால்தான் வட்டின் பரப்பிலேயே பழுது என்று கொள்ளலாம்.

எதைக் கழற்றினாலும், திரை காட்டும் சீரியல் எண்ணையும் வட்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஒரு வட்டு ஏற்கெனவே பழுதான ரெய்டு 5-இல் தவறுதலாக நல்ல வட்டை உருவிவிட்டால் தொகுப்பு முழுவதும் முடங்கிவிடும். அந்தப் பதற்றத்தில் திரையில் தோன்றும், எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும் ‘இனிஷியலைஸ்’ பொத்தானை ஒருபோதும் அழுத்தாதீர்கள். பெட்டியை அணைத்து, உருவியதை அதே இடத்தில் செருகிப் பாருங்கள். கழற்றிய பழுதான வட்டையும் மறுகட்டமைப்பு முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள். வேறொரு வட்டில் படிக்க முடியாமல் போன பகுதியைக் கணக்கிட்டு மீட்கத் தேவையான தரவு அதில் இன்னும் நலமாக இருக்கலாம்.