வாரிசு என்றால் பிள்ளை மட்டுமா?

ரங்கூனில் நம் ஆள் ஒருவர், கடை வைத்திருந்தவர், மவுத்தாகிவிட்டார் என்று வையுங்கள். மய்யித்தை அடக்கிவிட்டு வந்ததும் யாராவது கேட்பார்: "வாரிசு யாரு?" "ஒரே பையன், ஒரு பொண்ணு" என்று பதில் வரும். உள்ளறையில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருக்கும் அவருடைய உம்மாவை யாரும் எண்ணமாட்டார்கள். அவர் மனைவியையும்தான்.

இஸ்லாமிய மார்க்கச் சட்டப்படி அந்தப் பதில் தப்பு. அரபியில் 'வாரிஸ்' என்றால் ஒருவர் போனபின் அவர் விட்டதைப் பெறுபவர். பிள்ளை என்ற பொருளே அதில் கிடையாது. அல்லாஹ்வின் திருப்பெயர்களில் 'அல்வாரிஸ்' என்று ஒன்று உண்டு. எல்லோரும் போனபிறகும் எஞ்சியிருப்பவன். அங்கே பிள்ளை என்ற அர்த்தத்துக்கு ஏது இடம்?

அரபுக்காரர் இதன் கடைசி எழுத்தை நாக்கு நுனியைப் பல்லிடையில் வைத்துச் சொல்வார்கள். பாரசீகத்திலும் உருதுவிலும் அது வெறும் 'ஸ்' ஆனது. நம்மிடம் வந்தபோது ஓர் உகரத்தையும் ஒட்டிக்கொண்டு வாரிசு ஆகிவிட்டது. இதே வேரில் வந்த இன்னொன்று மீராஸ். தஞ்சாவூர் மிராசுதாரின் மிராசு அதுதான்! அப்புறம் அரசியல் வாரிசு, கலை வாரிசு என்று பேசிப்பேசி, வாரிசு என்றாலே மகன் என்று ஆக்கிவிட்டோம்.

சரி, கணக்கைப் பார்ப்போம். அடக்கச் செலவும் கடனும் போக, மரண சாசனம், அதாவது உயில், இருந்தால் அதையும் கொடுத்தபின் 72 லட்சம் கியாட் மிஞ்சுகிறது. தாய்க்கு ஆறில் ஒன்று, 12 லட்சம். மனைவிக்கு அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று, 9 லட்சம். மீதி 51-ல் மகனுக்கு 34, மகளுக்கு 17. பிள்ளையே இல்லாவிட்டால் மனைவியின் பங்கு கால் ஆகிவிடும். எடுத்து வளர்த்த பிள்ளை எவ்வளவு செல்லமானாலும் வாரிசு ஆகாது. சாசனம் எழுதி மூன்றில் ஒன்று வரை கொடுக்கலாம். வாரிசுக்கே சாசனம் எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும்.

பர்மாவில் இது பள்ளிவாசலோடு நிற்கும் பேச்சு அல்ல. 1898-ஆம் ஆண்டின் பர்மா சட்டங்கள் சட்டம், 13-ஆம் பிரிவு, சொத்துரிமையில் பௌத்தருக்குப் பௌத்த சட்டம், முஸ்லிமுக்கு முஸ்லிம் சட்டம், இந்துவுக்கு இந்து சட்டம் என்று வகுத்தது. பக்கத்துக் கடை பர்மியப் பௌத்தரோ, அவர்கள் வழக்கச் சட்டப்படி உயிலே எழுத முடியாது. ஆகவே 'வாரிசு யார்' என்ற கேள்விக்கு ஒரே தெருவில் மூன்று விடை.

தமிழில் என்ன சொல்வது? வழித்தோன்றல் என்பார்கள். அது பிள்ளைக்கும் பேரனுக்கும் சரி. பெற்ற தாய் எப்படி மகனின் வழித்தோன்றல் ஆவாள்? தாயாதி என்றால் பங்காளிகளோடு போய்விடும். உரிமையாளர் என்றால் உயிரோடு இருக்கும் கடைக்காரரையே குறிக்கும். எனக்குப் பிடித்தது 'பங்குரிமையர்'. தாய், மனைவி, மகள் எல்லோரும் அதில் அடங்குவார்கள். பேச்சில் வாரிசு என்றே இருக்கட்டும். பாகப்பத்திரம் எழுதும்போது மட்டும் 'பங்குரிமையர்' என்று போட்டு, முதல் பெயராக உம்மாவின் பெயரை எழுதுங்கள்.