காரம் விதையில் இல்லை

பஜ்ஜி போடும்போது காரம் குறையட்டும் என்று மிளகாயைக் கீறி விதையை வழித்துப் போடுவோம். காரம் குறையத்தான் செய்யும். ஆனால் பழியை விதையின் மேல் போடுவது நியாயமில்லை. விதை ஒட்டிக்கொண்டிருக்கிறதே வெளுத்த நடுச்சதை, அங்கேதான் கேப்சைசின் என்ற காரப்பொருள் சுரக்கிறது. விதையை வழிக்கும்போது அதுவும் கூடவே வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

குடைமிளகாயிலும் விதை உண்டு, வெள்ளைச் சதையும் உண்டு. காரம் மட்டும் கிடையாது. கேப்சைசினைத் தயாரிக்கத் தேவையான மரபணு ஒன்று அதில் பழுதாகிவிட்டது. நிறத்தை வைத்தும் காரத்தைக் கணிக்க முடியாது. கர்நாடகத்துப் பியாடகி மிளகாய் நல்ல சிவப்பு, ஆனால் காரம் மட்டுதான்.

சரி, காரத்தை எப்படி அளப்பது? 1912-ல் அமெரிக்க மருந்தியலாளர் வில்பர் ஸ்கோவில் நாக்கையே கருவியாக்கினார். மிளகாய்ச் சாற்றில் சர்க்கரைத் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டே போய், சுவைப்பவர்களுக்கு எரிச்சல் தெரியாமல் போகும் இடத்தில் நிறுத்தினார். எத்தனை மடங்கு தண்ணீர் தேவைப்பட்டதோ, அதுதான் ஸ்கோவில் எண். குடைமிளகாய்க்குப் பூஜ்யம். மெக்சிகோவின் ஹலப்பேனோவுக்கு 2,500 முதல் 8,000 வரை. நம் வடகிழக்கின் பூத் ஜொலோகியா 10 லட்சத்தைத் தாண்டும். 2023-ல் கின்னஸில் ஏறிய பெப்பர் எக்ஸுக்கு சுமார் 27 லட்சம்! இப்போது ஆய்வகக் கருவிகளே கேப்சைசினை அளந்துவிடுகின்றன; நாக்குகள் பிழைத்தன.

ஆனால் இந்த எண்ணை அப்படியே நம்பிக் கடித்துவிட வேண்டாம். வெயில், தண்ணீர், காய் முற்றிய பக்குவம் எல்லாமே காரத்தை மாற்றும். ஒரே செடியில் பறித்த இரண்டு காய்கூட ஒன்றுபோல் இருக்காது.

உண்மையில் காரம் ஒரு சுவையே இல்லை. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் மூளைக்குச் சேதி அனுப்பும் ஓர் உணர்வி நம் நரம்புகளில் இருக்கிறது. கேப்சைசின் அதில் போய் ஒட்டிக்கொண்டு, சூடே இல்லாமல் அதைத் தூண்டிவிடுகிறது. வாய் வெந்துவிட்டதாக மூளை நம்பி வியர்வையைக் கொட்டுகிறது. 1997-ல் இந்த உணர்வியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைத் தேய்த்தவர்களுக்கு, இந்த உணர்வி நாக்கில் மட்டும் இல்லை என்பது பரிசுக்கு முன்பே தெரியும்.

பறவைகளிடமும் இதே உணர்வி உண்டு. ஆனால் கேப்சைசின் அதைச் சீண்டுவதில்லை. அதனால்தான் கிளி பழமிளகாயைச் சாவகாசமாகக் கொத்தித் தின்கிறது. நாம்தான் தண்ணீர்ச் செம்பைத் தேடி ஓடுகிறோம். கேப்சைசின் தண்ணீரில் கரையாது. ஒரு கரண்டி தயிரை வாயில் போட்டால், அதிலுள்ள புரதம் கேப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்.