துப்பாக்கி அப்புறம் வாங்கலாம் சார், முதல்ல பையனை ரேஞ்சுக்கு கூட்டிட்டு வாங்க

ஸ்கூல் லீவு விட்டா போதும், ஷூட்டிங் கோச்சான எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும், "சார் ரைஃபிள் வாங்கியாச்சு, க்ளாஸ் எப்போ ஆரம்பிக்கலாம்"னு. போன வாரம் வந்தது ஏழாவது படிக்கற ஒரு பொண்ணு. கையில யாரோ ஆறடி ஆள் பல வருஷம் சுட்டுட்டு கழிச்சு விட்ட ஜெர்மன் ரைஃபிள், தோள்ல வைக்கற பட் பிளேட்டை முழுசா உள்ள தள்ளினாலும் அவ தோளுக்கு நீளம், காத்து அடைக்கற சிலிண்டரை திருப்பி பாத்தா தேதி எப்பவோ முடிஞ்சு போச்சு, வாட்ஸ்அப் குரூப்ல பாத்து பில்லு கூட இல்லாம லட்சக்கணக்குல குடுத்து வாங்கியிருக்காங்க. அந்த அப்பாகிட்ட எப்படி சொல்றதுன்னே தெரியல. இந்த மாதிரி பாத்து பாத்து சலிச்சு போய்தான் இதை எழுதறேன்.

நான் சொல்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பத்தி மட்டும், அதாவது பத்து மீட்டர் தள்ளி இருக்கற டார்கெட்டை காத்து அழுத்தத்துல சுடற துப்பாக்கி. பிஸ்டல்காரங்க சண்டைக்கு வராதீங்க. 2022ல அஜித் சார் திருச்சி ஸ்டேட் மேட்ச்சுக்கு வந்துட்டு போனதுல இருந்து பிஸ்டல் பக்கம் ஒரே கூட்டம், அது தனி கதை.

இந்த கேம் என்னன்னு தெரியாமலே நிறைய பேர் வர்றாங்க. நின்னுக்கிட்டு சுடணும், 60 ஷாட், ஒண்ணேகால் மணி நேரம். டார்கெட்ல பத்துங்கறது அரை மில்லிமீட்டர் புள்ளி, பேனாவால வச்ச ஒரு புள்ளி அளவு. 60 ஷாட்டும் 10.0 அடிச்சா 600 வரும், அப்பா சந்தோஷப்படுவார், ஆனா உலக லெவல்ல ஃபைனலுக்கு போறவங்க 630 பக்கத்துல அடிக்கறாங்க, ஏன்னா இப்ப ஸ்கோர் டெசிமல்ல, ஒரு ஷாட்டுக்கு 10.9 வரைக்கும் உண்டு, ஒவ்வொரு 0.1க்கும் கால் மில்லிமீட்டர் வித்தியாசம்.

இதை கேட்டதும் எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "அப்போ நல்ல துப்பாக்கி வேணுமே சார்". இந்த ஒரு வரிதான் என்னை பைத்தியமாக்குது. கொஞ்சம் பொறுமையா கேளுங்க. எந்த மேட்ச் ரைஃபிளையும், பத்து பதினைஞ்சு வருஷம் பழசா இருந்தாலும், ஒழுங்கா சர்வீஸ் பண்ணி பட்டறை வைஸ்ல (பிடிப்பான்ல) இறுக்கி கட்டி பத்து மீட்டர்ல சுட்டு பாருங்க, நல்ல பெல்லட் (சின்ன ஈய குண்டு) போட்டா எல்லாம் ஒரே ஓட்டையிலதான் போகும். துப்பாக்கி பத்து அடிக்க ரெடியாத்தான் இருக்கு. அதை பிடிச்சிருக்கற ஆள்தான் ஆடறாரு. குறி பாக்கற முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல ஏறக்குறைய 80 சென்டிமீட்டர்னு வச்சுக்கோங்க, முன் சைட் வெறும் 0.2 மில்லிமீட்டர் தள்ளி நின்னா டார்கெட்ல 2.5 மில்லிமீட்டர், அதாவது ஒரு முழு ரிங் போச்சு. புதுசா வர்ற பையனோட கை அதைவிட எத்தனையோ மடங்கு ஆடும். அவன்கிட்ட மூணு லட்ச ரூபா ரைஃபிளை குடுத்தா அது ஆடறதை இன்னும் சுத்தமா காட்டும், அவ்வளவுதான். கிளப் ரைஃபிள்ல ஏழு அடிக்கறவன் புது ரைஃபிள்லயும் ஏழுதான் அடிப்பான். ரெண்டு நாள் எட்டு அடிப்பான், புதுசு வாங்கின குஷியில, அப்புறம் திரும்ப ஏழு. அப்ப அப்பா வந்து பெல்லட் சரியில்லையான்னு கேப்பார். பெல்லட் மாத்துவார். அப்புறம் சைட் மாத்துவார். கடைசியில கோச்சை மாத்துவார்.

துப்பாக்கியில உண்மையிலேயே பாக்க வேண்டியது அது உடம்புக்கு பொருந்துதாங்கறதுதான். பட் பிளேட் தோள்ல உக்காரணும், கன்னம் வைக்கற சீக் பீஸ்ல கன்னத்தை வச்சா கழுத்தை வளைக்காம கண்ணு நேரா பீப் சைட்டுக்கு (பின் சைட்டோட சின்ன ஓட்டைக்கு) வரணும், எடை தாங்கணும். ரூல்படி 5.5 கிலோ வரைக்கும் இருக்கலாம், ஆனா 35 கிலோ பொண்ணு அஞ்சு கிலோவை தூக்கிட்டு இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, முதுகை பின்னாடி வளைச்சு, ஒரு மணி நேரம் நின்னா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. ரைஃபிள் ஷூட்டர்ஸ்ல கீழ் முதுகு வலி ரொம்ப சகஜம், அதை பன்னெண்டு வயசுலயே ஆரம்பிச்சு வைக்காதீங்க. ஜெர்மனியில குட்டி பசங்களுக்கு பெல்லட்டே இல்லாம வெளிச்சத்தால சுடற லைட் கன்தான் குடுக்கறாங்க. நம்ம ஊர்ல அது இல்ல, அதனால ஸ்டாண்ட்ல வச்சு சுட விடறோம், அதுக்கு சில பேரண்ட்ஸ் "பக்கத்து பையன் தூக்கி சுடறானே, எங்க பையனை ஏன் ஸ்டாண்ட்ல வச்சிருக்கீங்க"ன்னு முறைக்கறாங்க. முறைச்சா முறைச்சுக்கோங்க.

முதல் ஒரு மாசம் நான் சொல்லிக் குடுக்கறதுல முக்காவாசி நிக்கறதுதான். ரைட் ஹேண்டரா இருந்தா இடது முழங்கை இடுப்பெலும்பு மேல உக்காரணும், துப்பாக்கி எடையை எலும்பு தாங்கணும், தசை தாங்கக்கூடாது. "ஜிம்முக்கு போயி கையை பலமாக்கிட்டு வரட்டுமா"ன்னு கேக்கறவங்களுக்கு சேத்துதான் சொல்றேன், கையால தூக்கினீங்கன்னா பத்தாவது ஷாட்ல நடுங்கும். சரியா நின்னுட்டு கண்ணை மூடி ரெண்டு மூச்சு விட்டு திறந்து பாருங்க, சைட் டார்கெட்டை விட்டு விலகி இருந்தா கையால இழுத்துட்டு வரக்கூடாது, காலை நகர்த்தணும். இதை எத்தனை தடவை சொன்னாலும் கையாலதான் இழுப்பாங்க. அப்புறம் ஷாட் ஏன் ஒரே பக்கமா போகுதுன்னு கேப்பாங்க.

ஒரு கண்ணை மூடாதீங்க. சினிமாவுல மூடறாங்க, நாங்க மூடறதில்ல. ரெண்டு கண்ணும் திறந்திருக்கட்டும், குறி பாக்காத கண்ணுக்கு முன்னாடி ஒரு வெள்ளை பிளைண்டர் (மறைப்பு) இருக்கும், முகம் இறுகாது, ஒரு மணி நேரம் தாங்கும். ட்ரிகரை மெதுவா அழுத்தணும், வெடுக்குன்னு இழுக்கக்கூடாது. ஏழெட்டு செகண்டுல ஷாட் போகலைன்னா துப்பாக்கியை கீழ இறக்குங்க, இறக்கறதுக்கு யாரும் மார்க் குறைக்க மாட்டாங்க. சுட்ட உடனே தலையை தூக்கி எங்க பட்டுச்சுன்னு எட்டி பாக்கற வியாதி இருக்கே, அது எல்லாருக்கும் உண்டு. விநாடிக்கு 170 மீட்டர் வேகத்துல போற பெல்லட் பேரலை விட்டு வெளிய வர்றதுக்குள்ளயே நீங்க அசைய ஆரம்பிச்சிடறீங்க. ஒரு ரெண்டு செகண்ட் அப்படியே நில்லுங்கப்பா, ஸ்கோர் எங்கயும் ஓடிப் போகாது.

பணம் செலவு பண்ணியே ஆகணும்னு இருந்தா முதல்ல பெல்லட்டுக்கும் ஷூவுக்கும் பண்ணுங்க, அப்புறம் ஜாக்கெட். ஜாக்கெட்டை வளர்ற புள்ளைன்னு ஸ்கூல் யூனிஃபார்ம் எடுக்கற மாதிரி ரெண்டு சைஸ் பெருசா எடுக்காதீங்க, லூசா இருந்தா போட்டும் போடாத மாதிரிதான். அதுக்குன்னு நாலு பக்கமும் கெட்டியா தச்சு வாங்கிடாதீங்க, துணி கனம் 2.5 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது, மேட்ச் அன்னைக்கு எக்விப்மென்ட் கன்ட்ரோல்ல அளந்து பாத்து திருப்பி அனுப்பிடுவாங்க. ரைஃபிள் கடைசி. மாவட்ட ரைஃபிள் கிளப்ல மெம்பர் ஆனா கிளப் ரைஃபிள்லயே ஒரு வருஷம் ஓட்டலாம். அப்பவும் புள்ளைக்கு ஆசை இருந்தா, கோச்சை கூட வச்சுக்கிட்டு அளவு பாத்து வாங்குங்க. குழாயோட உள் அளவு 4.5 மில்லிமீட்டர், சக்தி 20 ஜூலுக்கு மேல போகாத ஏர் கன்னுக்கு 2016 ஆயுத விதிகள்படி லைசென்ஸ் வேண்டாம், மேட்ச் ரைஃபிள் எல்லாம் அதுக்கு ரொம்ப கீழதான். அதுக்காக அடையாள அட்டை இல்லாம, பில் இல்லாம தெருவுல வாங்கலாம்னு அர்த்தம் இல்ல.

அடுத்து சிலிண்டர். இதுல கெஞ்சியே கேக்கறேன். அதுல தயாரிச்ச தேதி அச்சடிச்சிருக்கும், பொதுவா பத்து வருஷம், அதுக்கு மேல ஒரு நாள் கூட காத்து ஏத்தாதீங்க. உள்ள காத்து அழுத்தம் 200 பார், சிலதுல 300 பார், அது உங்க கன்னத்துக்கு கீழ ஒரு ஜாண் தூரத்துல இருக்கு. காத்து மட்டும்தான் ஏத்தணும். ஒருத்தர் வெல்டிங் கடையில ஆக்ஸிஜன் ஏத்திக்கலாமா சார்னு கேட்டாரு, எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. ஆக்ஸிஜன் ஏத்தினா கொஞ்சூண்டு கிரீஸ் போதும், வெடிக்கும்.

ஸ்போர்ட்ஸ் கோட்டா பத்தி கேக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. மாவட்டம், ஸ்டேட், சவுத் ஸோன், மாவ்லங்கர் (நேஷனல்ஸுக்கு முந்தின தகுதி மேட்ச்), நேஷனல்ஸ்னு படி நிறைய இருக்கு, அடுத்த படிக்கு ஏறணும்னா அதுக்குன்னு வச்சிருக்கற ஸ்கோரை தொட்டாகணும். பிளஸ் ஒன்ல சேத்துட்டு பிளஸ் டூ முடிக்கறதுக்குள்ள சர்டிபிகேட் கேட்டா நான் எங்க போறது? கடலூர்ல பொறந்து அகமதாபாத்ல வளந்த ரைஃபிள் ஷூட்டர் இளவேனில் ரெண்டு ஒலிம்பிக்ஸ் போயிருக்காங்க, பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல இதே கேம்ல அர்ஜுன் பபுதா நாலாவது வந்து மெடலை விட்டாரு. அவங்க எல்லாம் எத்தனை வருஷம் தினமும் வெறும் துப்பாக்கியை தூக்கி சுவத்தை பாத்து நின்னிருப்பாங்க? பையனுக்கு அந்த நிக்கறது பிடிச்சிருக்கான்னு பாருங்க. பிடிக்கலைன்னா விட்டுடுங்க, அவனுக்கு வேற ஏதாவது பிடிக்கும்.

பசங்களா, இது உங்களுக்கு. சுடற லேன்ல எதையும் தின்னாதீங்க, பெல்லட் ஈயம், சுட்டு முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவிட்டு டிஃபன் பாக்ஸை திறங்க. லோட் பண்ண வசதியா இருக்குன்னு பெல்லட்டை உதட்டுல கவ்விக்கற ஸ்டைல் யார் கண்டுபிடிச்சாங்களோ, என் ரேஞ்சுல அதை பாத்தேன்னா அன்னைக்கு சுட விட மாட்டேன். சுடாதப்போ, துப்பாக்கி காலின்னு காட்ட பேரல்ல சேஃப்டி கயிறு இருக்கணும். காலியா இருக்குன்னு தெரிஞ்சாலும் யார் பக்கமும் திருப்பக்கூடாது, ஸ்டேட்டஸுக்கு போட்டோ எடுக்க ஃப்ரெண்டு நெத்தியில வச்சு போஸ் குடுக்கறவனுக்கு ரேஞ்ச் கதவு மூடியே இருக்கும். இந்த ஏர் கன் கண்ணுல பட்டா கண்ணு போயிடும்டா.

வீட்ல ட்ரை ஃபயரிங், அதாவது பெல்லட் போடாம சுட்டு பழகறது, பண்ணுங்க, தினமும் இருபது நிமிஷம் போதும், அதுதான் உங்களை வளக்கும். பெல்லட் டப்பா மட்டும் அந்த ரூம்லயே இருக்கக்கூடாது. மொட்டை மாடியில நின்னு காக்கா புறாவை குறி பாக்கறது எல்லாம் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்கு சொல்வார், பறவை மேல பட்டா வனத்துறை கேஸ் கூட ஆகலாம். அப்பா அம்மா, பயிற்சி முடிஞ்சதும் ரைஃபிளை பெட்டியில வச்சு பூட்டுங்க, சாவி உங்ககிட்ட இருக்கட்டும், பையன்கிட்ட வேண்டாம்.