சேற்றில் காலை ஊன்றாதீர்கள்

"சேறுதானுங்க டாக்டர், மெத்தை மாதிரி இருக்கும்னு நெனச்சேன்."

ஐப்பசி பிறந்ததிலிருந்து இந்த வசனத்தோடு என்னிடம் வரும் நான்காவது முழங்கால் இது. கோவையில் எலும்பு மருத்துவம் பார்க்கிறேன். மழை தொடங்கினால் வாசலில் வழுக்கி விழுந்த பாட்டிமார் வருவார்கள், அது வழக்கம். இப்போது சில வருடங்களாக ஞாயிறு மாலையில் இன்னொரு கூட்டமும் வருகிறது. முப்பது வயதுக்குள் இருக்கும், உடம்பெல்லாம் கரிசல் மண், இரண்டு பக்கமும் நண்பர்கள் தாங்கிப் பிடித்திருப்பார்கள். ஆஃப்ரோடு பைக் பயிற்சியாம், ரோடே இல்லாத காடுமேட்டில் வண்டி ஓட்டுவது. மழை பெய்த மறுநாள்தான் அதில் ருசியே என்கிறார்கள்.

முதலில் இந்த மெத்தைக் கதையை முடித்துவிடுகிறேன். மெத்தையில் விழுந்தால் மெத்தை உங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. சேறு பிடித்துக்கொள்ளும். வண்டி சாய்கிறது, யோசிக்காமல் இடது காலை ஊன்றுகிறீர்கள், பாதம் கணுக்கால்வரை புதைகிறது. வண்டி நிற்கவில்லை. பின்சக்கரம் வழுக்கித் திரும்புகிறது, கூடவே உங்கள் இடுப்பும் திரும்புகிறது. பாதம் மட்டும் புதைந்த இடத்தில், புதைந்த திசையைப் பார்த்தபடியே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். தார் ரோட்டிலாவது செருப்பு கொஞ்சம் சறுக்கிக் கொடுக்கும், சேற்றில் அந்தச் சலுகை கிடையாது. உள்ளே 'டொப்' என்று ஏதோ கேட்டது என்பார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பந்து மாதிரி வீங்கியது என்பார்கள். அதற்கப்புறம் நான் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் சம்பிரதாயத்துக்குத்தான். முன்பக்கக் குறுக்கு ஜவ்வு, ஏ.சி.எல்., போயிருக்கும்.

"மெதுவாத்தானுங்க போனேன்." இது அடுத்த வசனம். தம்பி, நீங்கள் ஓட்டும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வண்டி கிட்டத்தட்ட 200 கிலோ. நடக்கிற வேகத்தில் சாய்ந்தாலும் அதே 200 கிலோதான். அதை ஒற்றைக் காலால் நிறுத்தப் பார்ப்பதுதான் சிக்கலே. விழப்போகிறது என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள். வளைந்த ஹேண்டில்பாரை மெக்கானிக் அரை மணியில் மாற்றிவிடுவார்.

பாறையிலும் மேட்டிலும் பைக் ஏற்றும் 'ட்ரயல்ஸ்' பந்தயத்தை யூடியூபில் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் கிளம்புகிறார்கள். ஸ்பெயினின் டோனி போ 2007 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து அதில் உலகப் பட்டம் அடித்தவர். அவர் பாறை ஏறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், விதியை யாரும் பார்க்கவில்லை. கால் ஒரு தடவை தரையில் பட்டால் ஒரு புள்ளி தண்டம். இரண்டு தடவை பட்டால் இரண்டு, அதற்கு மேல் மூன்று. விழுந்துவிட்டால் ஐந்து. காலை ஊன்றாமல் ஓட்டுவதற்குப் பெயர்தான் அந்த விளையாட்டு! அவர்கள் வண்டியில் உட்கார சீட்டே இருக்காது, எடையும் 70 கிலோ சொச்சம், டயரில் காற்றழுத்தம் வெறும் நாலைந்து பி.எஸ்.ஐ.தான். (அதைப் பார்த்து உங்கள் வண்டியிலும் காற்றை அந்த அளவுக்கு இறக்கிவிடாதீர்கள், டியூப் கிழியும்.)

பொறுக்காமல் போன ஞாயிறு நானே முதலுதவிப் பெட்டியோடு போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். கரிசல் காடு, முந்தின ராத்திரி நல்ல மழை. இந்த மண் ஈரமானால் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் ஏறி அடைத்துக்கொள்கிறது. முன்சக்கரம் சுற்றாமல் நிற்கிறது. பத்தடிக்கு ஒருதரம் இறங்கிக் குச்சியால் நோண்டுகிறார்கள். சக்கரம் நின்ற நொடியில் எல்லோருக்கும் கால் தானாகக் கீழே போகிறது. ஒரு பையன் ஊன்றிய காலை இழுத்தார், கால் வந்தது, ஷூ வரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அந்த முழங்கால் தப்பியதே ஷூ கழன்றதால்தான். லேஸை இறுக்கிக் கட்டிய கேன்வாஸ் ஷூதான் ஆக மோசம். கழலவும் கழலாது, கணுக்காலைத் தாங்கவும் தாங்காது. கம்பூட்ஸ் வயலுக்கு நல்லது, வண்டி கால்மேல் விழுந்தால் அந்த ரப்பர் என்ன செய்யும்? முழங்காலுக்குக் கீழ்வரை வரும் மோட்டோகிராஸ் பூட்ஸ், கீல் வைத்த முட்டிக்காப்பு, இரண்டும் வாங்கியபின் மற்றதை வாங்குங்கள். எல்.இ.டி. லைட்டுக்குப் பணம் இருந்திருக்கிறதே.

வண்டிக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டால் முதலில் எஞ்சினை அணையுங்கள். காலைப் பிடித்து இழுக்காதீர்கள், வண்டியைத் தூக்குங்கள். அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்று கெஞ்சுகிறேன். வீட்டுக்கு வந்தபின் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகினால், கால்விரலை யாராவது நிமிர்த்தினாலே உயிர் போகிற மாதிரி வலித்தால், அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். காலையில் பார்க்கலாம் என்று படுத்தால் உள்ளே தசை செத்துவிடும்.

நடக்க முடிகிறதே, அப்புறம் எப்படி முறிந்திருக்கும் என்று கேட்காதீர்கள். முறிந்த கணுக்காலோடு நடந்து வந்து டோக்கன் போட்டு உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தைலம் தேய்த்து உருவிவிடவும் வேண்டாம்.

சேறு பட்ட காயத்தில் காப்பித்தூள், மஞ்சள், எதையும் வைக்காதீர்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பத்து நிமிடம் கழுவுங்கள். கடைசி டி.டி. ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும். முறிந்த எலும்புக்கு மேலே தோல் ஒரு பொட்டளவு கிழிந்திருந்தாலும் அது வேறு வகைக் கேஸ், ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. அப்புறம், ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், சேற்றில் புரண்டதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த நான்காவது முழங்காலுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். மறுபடி பயிற்சிக்குப் போக ஒன்பது மாதமாவது ஆகும் என்றேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப அடுத்த ஐப்பசிக்கு ஓட்டலாமுங்களா?" என்றார். பூட்ஸ் வாங்கிக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டுக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.